பத்தாம் நம்பர் கண்ணாடி

'டங்!'

அருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்தச் சத்தம். ரூபினியின் கையிலிருந்து நழுவிய வட்டக் கண்ணாடி பாறையில் மோதி, இரண்டாகப் பிளந்து, தண்ணீரோடு போயே போய்விட்டது.

"அலமாக், ஐயோ! என் ஃபில்டர்!" என்று அலறினாள் ரூபினி.

குணாளன் பதறிப்போய்த் தண்ணீருக்குள் இறங்கித் துழாவினான். இஸ்திரி போட்ட புது பேன்ட் நனைந்ததுதான் மிச்சம்.

பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு இருவரும் சந்திப்பது இதுதான் முதல் தடவை. கோத்தா திங்கி அருவிக்குப் போகலாம் என்று சொன்னவள் ரூபினி. துணைக்கு அவளுடைய சித்தி ராசம்மா, நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலங்களோடு. இன்று எப்படியாவது ரூபினி வாயிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு 'சரி' வந்துவிட வேண்டும். குணாளனுக்கு வேறு கவலையே இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் அவன் வெல்டர். அவன் அம்மாவோ பெண் வீட்டில் 'எஞ்சினியர்' என்று அளந்துவிட்டிருந்தாள்.

"வேற கண்ணாடி இல்லீங்களா?" என்று கேட்டான்.

"இருந்தா ஏன் இப்படி முழிக்கிறேன்? தண்ணி பட்டுத்துணி மாதிரி விழணும்னா ஷட்டர அரை நிமிஷமாச்சும் திறந்து வைக்கணும். இந்த வெயில்ல கறுப்புக் கண்ணாடி இல்லாம திறந்தா, படம் வெறும் வெள்ளைக் காகிதம்தான். சாயந்திரம் ஆறு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். மூணு வாரமா மழை, இன்னிக்குத்தான்..." ரூபினி மூக்கை உறிஞ்சினாள்.

"எஞ்சினியர் தம்பி, ஏதாச்சும் வழி பண்ணுங்க லா. படிச்ச பிள்ளைதானே?" என்றாள் ராசம்மா, நெத்திலியை மென்றபடி.

வழி இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து, பட்டறையிலேயே குளித்து உடுத்திக்கொண்டு அண்ணனின் காரில் நேராக வந்தவன் அவன். வேலைப் பை பின்னால் கிடந்தது. அதற்குள் வெல்டிங் முகமூடி, அதில் மாட்டும் பத்தாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி. எடுத்து வந்தால் அம்மாவின் புளுகு சாயம் வெளுத்துவிடும். கல்யாணமும் கோவிந்தா.

ரூபினி கேமராவைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், குணாளன் காரை நோக்கி ஓடினான்.

அவன் நீட்டிய கண்ணாடியை அவள் வெயிலில் தூக்கிப் பார்த்தாள். சூரியன் ஒரு பச்சைப் பொட்டாகத் தெரிந்தது.

"ஐயோ, போதும், இது போதும்! சித்தி, அந்தப் பொட்டலத்து ரப்பரைக் குடுங்க!"

"இன்னும் ரெண்டு பொட்டலம் பிரிக்கவே இல்லையேடி."

"இப்பப் பிரிங்க!"

முதலில் கேமராவை ட்ரைபாட் தாங்கியில் பூட்டி, அருவி தெளிவாகத் தெரியும்படி லென்ஸைத் திருகினாள். பிறகு கண்ணாடியை லென்ஸின் முன் வைத்து ரப்பரால் கட்டினாள். இடுக்கில் வெளிச்சம் புகாமல் குணாளன் தன் கைக்குட்டையைச் சுற்றினான். நெருப்பின் முன் பழகிய விரல்கள், துளி நடுங்கவில்லை.

"நாப்பது விநாடி. எண்ணுங்க," என்றாள். அவன் எண்ணினான். மூன்று தலைகளும் கேமராத் திரையின் மேல் கவிழ்ந்தன.

"என்னடி இது, பாண்டான் கேக் மாதிரி பச்சையா இருக்கு?" என்றாள் ராசம்மா.

குணாளன் கைக்குட்டையை அவிழ்க்கப் போனான். ரூபினியோ சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் கறுப்பு வெள்ளையானது. பாறைகளுக்கு நடுவே யாரோ வெண்பட்டை உதறித் தொங்கவிட்டதுபோல் அருவி நின்றது. கீழே குளித்துக் கும்மாளம் போட்ட கூட்டம், ஓரிடத்தில் நிற்காததால், படத்தில் கரைந்து காணாமல் போயிருந்தது.

"கிடைச்சிருச்சு!" ரூபினி குதித்த குதியில் ராசம்மாவின் பொட்டலத்து மிளகாய்ச் சம்பல் தெறித்தது.

இனியும் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. "ரூபினி, நான் எஞ்சினியர் இல்லீங்க. வெல்டர். அம்மாதான் சும்மா அப்படிச் சொல்லிட்டாங்க."

ராசம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

ரூபினி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தெரியும்ங்க. ஆறு மாசமா ஃபேக்டரி பஸ்ல எனக்கு எதிர்ப்பக்க சீட்டுல, மடியில முகமூடிய வச்சுக்கிட்டு, வாயத் திறந்து தூங்கிட்டு வர்ற ஆள விசாரிக்கச் சொல்லி சித்திய உங்க வீட்டுக்கு அனுப்புனதே நான்தானே!"