பேருந்தின் முதுகில் இரண்டு முகங்கள்

நெவென்கா அக்கா அன்று காலை டிப்போவுக்குள் நுழைந்தபோது, டிரைவர்கள் எல்லாரும் அவளுடைய பஸ்ஸின் பின்பக்கம் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரியெகா நகரில் மேட்டுக் குடியிருப்புகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வெகுகாலமாகப் பஸ் ஓட்டுகிறவள் அவள். நான் அங்கே மெக்கானிக்.

"வாக்கா வா!" என்று அவர்களில் ஒருவனான கார்லோ கத்தினான். "என் பொண்டாட்டியையும் அங்கதான் அனுப்பப் போறேன். உன்னைக் குமரிப் பருவத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டாங்களே!"

அவள் சுற்றி வந்து பார்த்தாள். இரவோடு இரவாக ஒட்டியிருந்த புது விளம்பரம். இடப்பக்கம் 'முன்பு' என்று ஒரு முகம்: மங்கிய வெளிச்சம், தொங்கின தாடை, கழுத்தில் மடிப்பு. வலப்பக்கம் 'பின்பு' என்று இன்னொரு முகம்: அதே மூக்கு, அதே கண், இழுத்துக் கட்டியதுபோலத் தாடை. கீழே, 'கத்தி இல்லை, ஊசி இல்லை. ரேடியோ அலைச் சூடு மட்டுமே!'

இடது முகம் நெவென்கா அக்கா. வலது முகம் அவள் மகள் லொரேனா.

லொரேனா அந்த அழகு சிகிச்சை நிலையத்தில் வரவேற்பில் வேலை பார்த்தாள். "உன் தாடை தொங்குதும்மா, எங்க டாக்டர்கிட்ட வா" என்று அம்மாவை அவள்தான் அழைத்துப் போயிருந்தாள். கன்னத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, சூடான கருவியால் நெடுநேரம் தேய்த்தார்களாம். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் பிடித்த மாதிரி இருந்தது என்று அக்கா எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். முதல் நாளே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மருத்துவக் குறிப்புக்கு என்றார்களாம்.

இப்போது அவள் சிரிக்கவில்லை.

"வண்டியை மாத்தித் தரட்டுமாக்கா?" என்றேன்.

"எதுக்கு? என் மூஞ்சி ஊரெல்லாம் சுத்தறப்போ நான் மட்டும் ஒளிஞ்சுக்கணுமா?"

பிரேக்கைச் சரிபார்க்கும் சாக்கில் நானும் அவளோடு ஏறிக்கொண்டேன். அந்த நிலையத்துக்கு எதிரே ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, ஒரு சண்டை பாக்கி இருக்கு" என்றாள் பயணிகளிடம்.

அவர்களில் பாதிப்பேர் அவள் பின்னாலேயே இறங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சண்டையைக் காட்டிலும் அவசரமான வேலை கிடையாது.

உள்ளே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். லொரேனா எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, வீட்ல பேசிக்கலாம்."

"வீட்டு வாசல்லயா ஒட்டியிருக்கே? பஸ்ல ஒட்டியிருக்கு. இங்கேயே பேசு."

சத்தம் கேட்டு டாக்டர் விட்டோமிர் வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சிரிப்பு.

"அம்மா, பதறாதீங்க. தோல் இறுகறதுக்கு மாசக்கணக்கா ஆகும். கோடை சீசனுக்கு முன்னாடி விளம்பரம் வரணும். பலன் வந்தா நீங்க இப்படித்தானே இருப்பீங்க, கொஞ்சம் முன்கூட்டியே காட்டினோம்."

"பலன் வந்தா நான் என் பொண்ணாயிடுவேனா? அப்ப அவளைப் பெத்தது யாரு, உங்க மெஷினா?"

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்தினாள். காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லா பாத்துக்குங்க. இது நான். இது என் வயித்துல பொறந்தவ. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு வெளிய எழுதியிருக்கு. நம்பறவங்க உள்ள போங்க."

ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பிறகு இன்னொருத்தி.

"லொரேனா, உங்கம்மாவை வெளிய கூட்டிட்டுப் போ!" என்று டாக்டர் சீறினார். சிரிப்பு போயிருந்தது.

லொரேனா கையை உதறினாள். ஆனால் திரும்பியது டாக்டர் பக்கம் அல்ல.

"உனக்கு என்னம்மா கோபம்? கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தை மேல இழுத்து இழுத்துப் பாத்தது நீதானே? அந்த மூஞ்சி வேணும்னு வந்தது நீதானே? அவர் என் போட்டோவைக் கேட்டாரு, நான் குடுத்தேன். இதுல என்ன தப்பு?"

"ஆமாடி, வேணும்னுதான் வந்தேன்" என்றாள் அக்கா. "என் மூஞ்சியையே கொஞ்சம் இறுக்கித் தரச் சொன்னேன். அது வேண்டாம்னு ஊர் சிரிக்கக் குப்பையில போட்டுட்டு உன்னோடதை அங்க மாட்டச் சொல்லலே. நீயே கைநீட்டிக் குடுத்திருக்கே பாரு, அதான் எரியுது."

வண்டியை நடுவழியில் விட்டதற்காக அக்காவைக் கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அன்றைக்கே யாரோ ஒரு பயணி படம்பிடித்து ஊரெங்கும் பரப்பிவிட, விளம்பரங்களை அந்த வாரமே உரித்தெடுத்தார்கள். டாக்டர் ஒரு பூங்கொத்தும், இலவசமாக இன்னொரு சுற்றுச் சிகிச்சை என்று ஒரு சீட்டும் அனுப்பினார். சீட்டைக் கிழித்துப் போட்டாள். பூவை வைத்துக்கொண்டாள், பூ என்ன பாவம் செய்தது என்றாள்.

தாயும் மகளும் ஈஸ்டருக்குக்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

கோடை முடியும் சமயம், ஒரு மழை நாளில், வேலைக்குத் திரும்பிவிட்ட அக்காவின் பஸ்ஸில், துறைமுக நிறுத்தத்தில் லொரேனா ஏறினாள். நான் டிரைவருக்கு அடுத்த பின்சீட்டில் இருந்தேன். நனைந்த தலையோடு டிரைவர் சீட்டுக்கருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலையை விட்டுட்டேன்மா."

"அதுக்கு நான் மேளம் கொட்டணுமா?"

"நீ கொட்டவேணாம். சொன்னேன், அவ்ளோதான்."

"ஏன் விட்டே? உன் மூஞ்சி பழசாயிடுச்சுன்னானா அந்தாளு?"

லொரேனா முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தாள். "ஆமா" என்றாள். "கண்ணுக்குக் கீழ சுருக்கம் விழுதாம். நானும் மெஷின்ல படுக்கணுமாம்."

அக்கா ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஹாரன் அலறியது. அப்புறம் அவள் அந்த டாக்டரையும் அவன் குலத்தையும் திட்ட ஆரம்பித்தாள், மேடேறும் வரை நிறுத்தவில்லை. இடையிடையே மகளும் வசவுகளை எடுத்துக் கொடுத்தாள்.