டாய்வாவின் அட் ஹோம்

லிங்கன்ஷயரில் உள்ள போஸ்டன் நகரத்துத் தேவாலயக் கூடத்தில் நடந்த மாலை வகுப்பில் டாய்வா 'ஆன் த பஸ்' என்று முதன்முதலாகப் பிழையில்லாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது பேருந்தில் இருந்தாள். அவளுடைய குடை மட்டும் வகுப்பிலேயே கிடந்தது. டிரைவர் டிக்கெட் கேட்டார், அவ்வளவுதான். டாய்வாவும் நானும் பேசும் எங்கள் லித்துவேனிய மொழியில் இடம் காட்டும் ஒட்டு சொல்லின் வாலில் வரும். ஆங்கிலத்தில் அது தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். பஸ்ஸுக்கு ஏன் 'ஆன்', காருக்கு ஏன் 'இன்' என்று கேட்டால் ஆசிரியை பமீலாவே விழிப்பார். மனப்பாடம்தான் ஒரே வழி. டாய்வா 'இன் த ரெயின்' படித்த அன்று தொப்பலாக நனைந்து திரும்பினாள். நாட்டுப் பெயர், ஊர்ப் பெயர் சேர்த்த தொடர்கள் மட்டும் அவளை இம்மியும் நகர்த்தவில்லை.

அவள் வேலை பார்த்த காலிஃப்ளவர் வெட்டும் ஆலையின் மேற்பார்வையாளன் கீத்துக்கு விஷயம் எட்டியது. ஆள் குறையும் காலைகளில் படுக்கையில் இருப்பவளைப் போனில் பிடிப்பான். "எங்க, அந்தப் பாடத்தச் சொல்லு பாப்போம்." அவள் அரைத்தூக்கத்தில் 'அட் வொர்க்' என்பாள், இரவு உடையோடு குளிர்கூடத்தில் நிற்பாள். "வர்றதுதான் வர்ற, பூட்ஸ மாட்டிக்கிட்டு வரக் கூடாதா?" என்பான் அந்த மகராசன். இளிச்சவாய் என்று கண்டால் தலையில் மிளகாய் அரைப்பது எல்லா ஊரிலும் உண்டு.

அவள் இதையெல்லாம் பொறுத்தது ஒரே ஒரு தொடருக்காக. பிறந்த நாட்டில், பனெவேஜிஸ் பக்கத்துக் கிராமத்தில் அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தம்பி ரிமாஸ் போனில் கெஞ்சினான். "அக்கா, அம்மா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. ப்ளேன் ஏறி வந்துடு."

"ப்ளேன் எதுக்குடா? கீத் லீவும் தரமாட்டான். இந்த ஒண்ண ஒழுங்காச் சொல்லிட்டேன்னா ஒரு மூச்சுல அங்க நிப்பேன்."

'அட் ஹோம்' என்பதில் அந்த 'ஹோ' அவள் தொண்டையில் உரசிக்கொண்டே இருந்தது. அறுவடைக் காலம் முழுக்க அதைத் தேய்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழங்களைப் பையில் கட்டிக்கொண்டு, வகுப்பு நடுவில் எழுந்து நின்று சொன்னாள். சுத்தமாக வந்தது.

வந்து நின்ற இடம், அவள் ஐந்து பேரோடு பங்கிட்டிருந்த வாடகை வீட்டின் அடுப்படி. சுவரில் அதே பூஞ்சை. உடன் குடியிருக்கும் நியோலே உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி, வகுப்பு அதுக்குள்ள முடிஞ்சுதா?"

ஆற்றங்கரையில் நின்று சொன்னாள், கல்லறைத் தோட்டத்தில் நின்று சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே அடுப்படி. பமீலா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உச்சரிப்புல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அம்மா அந்த வாரமே போய்விட்டாள். அதன் பிறகுதான் டாய்வா ப்ளேன் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

பிறந்த வீட்டு முற்றத்தில் ரிமாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "எங்கம்மாவக் காக்க வெச்சுச்சே, அந்த வார்த்த. சொல்லேன், நானும் கேக்குறேன்."

அவள் சொன்னாள். முற்றத்தில் ரிமாஸ் தனியாக நின்றான். போஸ்டன் அடுப்படியில் அவள், செருப்பில் அம்மாவின் குழிமண்ணோடு நின்று வாய்விட்டு அழுதாள். நியோலே அடுப்பைத் தணித்துவிட்டுத் தரையைத் துடைத்தாள்.

அது நடந்து பல வருஷமாகிறது. இப்போதும் சந்தையில் எவனாவது காரை நிறுத்தி, "வந்தேறி, உன் வீட்டுக்குப் போடி!" என்று கத்தினால் டாய்வா எதிர்த்துப் பேசுவதில்லை. அட் ஹோம் என்கிறாள். தொலைந்தாள் என்று அவன் சந்தோஷமாகக் காரைக் கிளப்புகிறான். இரண்டு தெரு தள்ளி அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.