வலது பின்னங்காலில் ஆறு விரல்

பேருந்து குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போதுதான், இணையத்தில் நடக்கும் டிராகன் ஓவியப் போட்டியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் கைப்பேசி, யாருடைய கூடையோ இடுப்பில் இடிக்க நின்றபடி படித்தேன். 'உங்கள் டிராகனின் வலது பின்னங்காலில் ஆறு விரல்கள் உள்ளன. மற்ற கால்களில் ஐந்துதான். ஏஐ வரையும் படங்களில் வழக்கமாக வரும் பிழை இது. எனவே உங்கள் படம் போட்டியிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறது.' மறுபடியும் படித்தேன். காது சுட்டது. உள்ளே நகரச் சொன்ன நடத்துநரை முறைத்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த டிராகனை நான் பங்குனி வெயிலில் தொடங்கி ஆனி வரை வரைந்தேன். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பகலெல்லாம் ஊசி, கண்ணாடித் தகடு, நுண்ணோக்கி. வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டையும் அதன் பேனாவையும் எடுத்தால்தான் உடம்பிலிருந்து மருந்து வாடை போகும். நரம்பில் ஊசி தவறினால் தவறியதுதான், அங்கே அன்டூ கிடையாது. டேப்லெட்டில் உண்டு. இரண்டு விரலால் தட்டினால் செய்த தப்பு செய்யாததாகிவிடும். அந்தச் சுகத்துக்காகவே எனக்கு இந்த வரைதலைப் பிடிக்கும்.

டிராகன் மீது ஆசை வந்தது பள்ளிக்கூட நாளில். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஃபிரைடு ரைஸ் தள்ளுவண்டி நிற்கும். அதன் சிவப்புப் பலகையில் மீசை வைத்த டிராகன் ஒன்று வளைந்து நெளிந்து கிடக்கும். வண்டிக்காரர் சட்டியை ஆட்ட ஆட்ட, பலகைக்குப் பின்னாலிருந்து எழும் நெருப்பு அதன் வாயிலிருந்தே வருவது மாதிரி இருக்கும். நான் பேருந்தைக்கூட விட்டிருக்கிறேன். எங்கள் ஊர்த் தேர் எங்கள் தெருவுக்கு வராது, முனையிலேயே திரும்பிவிடும். டிராகனுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. அது யாருடைய சாமியும் இல்லை, எந்தத் தெருவிலும் இறங்கலாம். எனக்கு அது போதுமாக இருந்தது. என் டிராகனுக்கு விரால் மீனின் தலை, உடும்பின் தோல், முதுகு நெடுக நாற்றின் பச்சை. சேறடித்த வயலில் கணுக்கால் புதைய நிற்கும். வலது பின்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். அந்தக் காலில் ஆறு விரல்.

அது என் அப்பாவின் கால். அப்பா இராஜாங்கத்துக்கு வலது காலில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் உண்டு. எந்தச் செருப்பும் அவருக்கு ஒழுங்காகச் சேராது. நான் பிறப்பதற்கு முன்னால், தண்ணீர் பற்றாத ஒரு வருஷம், முறை மீறி யாரோ வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் மடையடிச் சேற்றில் ஆறு விரல் தடம். அப்பா அந்த வழியாக நாற்று சுமந்து போயிருந்தார், அவ்வளவுதான். வேறு யாருடைய தடமாக இருந்தாலும் பத்துப் பேரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இது ஒரே ஆளுடைய தடம். ஊர் கூடி, அவரை நடுவில் நிறுத்தி, காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். திறந்தவர் வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. அதைச் சொல்ல யாரும் கூடவில்லை. அன்றிலிருந்து அப்பா வரப்பில் நடந்தால், வலது கால் பதிந்த இடத்தை மண்வெட்டியின் பின்புறத்தால் ஒரு இழுப்பு இழுத்து மெழுகிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். மூச்சு விடுவது மாதிரி, யோசிக்காமல்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஜாஹித் அழைத்தார். கும்பகோணத்துக்காரர். நேரில் பார்த்ததில்லை. போட்டியை நடத்தும் குழுவில் அவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்கிறவர்.

"அக்கா, நான் நம்புறேன். நடுவருங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. வரையும்போது பதிவான வீடியோ இருக்கா?"

"இல்ல. மெமரி பத்தலன்னு அத ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்."

"அப்ப ரெண்டு வழிதான். ஞாயித்துக்கெழம காலைல லைவ்ல வரைஞ்சு காட்டுங்க. இல்லன்னா..." கொஞ்சம் தயங்கினார். "அந்த ஆறாவது விரல அழிச்சிட்டு திருப்பி அனுப்புங்க. பேசாம ஏத்துக்கறோம்னு சொல்றாங்க."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அப்பா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

"அழிச்சிடு ஆயி," என்றார். "ஒரு வெரலுக்காக இத்தன நாள் பாடு வீணாப் போவணுமா?"

பேனாவால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை. படம் போட்டியில் இருக்கும், பரிசுகூட வரலாம். ஆனால் என் கை அதற்கு வரவில்லை. அப்பா மண்வெட்டியை இழுக்கும் சத்தம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நானும் அதையே செய்வதா?

"மாட்டேன்ப்பா. லைவ்ல வரையப்போறேன். உங்க கால வச்சுதான் வரையணும். எல்லாரும் பாக்கணும்."

அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "என்னையும் அத வச்சுதான் புடிச்சாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நெட் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் வயல்காட்டு மோட்டார் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா கைப்பேசியை இரண்டு கையாலும் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். எதிரே குறுவைக்குச் சேறடித்துச் சமப்படுத்திய வயல். ஜாஹித் எல்லோரையும் வரவேற்றுப் பேசினார். டேப்லெட்டின் ஓரத்தில் திறந்து வைத்திருந்த லைவில் கேள்விகள் ஓடத் தொடங்கின. 'காலை மட்டும் வரைங்க பாப்போம்' என்று ஒன்று. 'ஏஐ எங்க ஒளிஞ்சிருக்கு' என்று ஒரு கிண்டல். அப்பாவைக் காணவில்லை.

தலையில் தொடங்கினேன். விரால் மூக்கை வரைந்து, மீசையை இழுத்தபோது அம்மா, "அந்தா வராரு," என்றாள்.

அப்பா சலவை வேட்டி கட்டியிருந்தார். காலைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருப்பார் போல, கல்யாண வீட்டுப் பித்தளை மாதிரி பளபளத்தது. நகத்தில்கூட அழுக்கில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்பா, சேறு வேணும்ப்பா. என் டிராகன் சேத்துல நிக்கிது."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" அம்மா கைப்பேசிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "நாலு தடவ தேச்சுக் கழுவுனாரு!"

அவர் வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார். வயலில் இறங்கி நின்று, சேறு சொட்டச் சொட்ட வலது காலைத் தூக்கி வரப்பின் மேல் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, விரல்களை விரித்தார். ஆறும் தனித்தனியாக நின்றன.

நான் வரைந்தேன். குதிகால், பாதத்தின் வளைவு, வெடிப்பு, பெருவிரல், அடுத்தது, அடுத்தது. கடைசிக் குட்டி விரலுக்கு வந்தபோது கை தானாக ஓடியது. அதற்கு ஒரு நகம் வைத்தேன், வளைந்த, கூரான டிராகன் நகம். அம்மா கைப்பேசியை மெல்ல அப்பாவின் காலுக்குத் திருப்பி, மறுபடி என் திரைக்குத் திருப்பினாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கேள்விகள் நின்றுபோயின. இணைப்புதான் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன்.

நடுவர்களில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஐயா, உங்க பொண்ணு ஏன் டிராகனுக்கு ஆறு வெரல் வச்சாங்க?"

அப்பா கைப்பேசியை நேராகப் பார்த்தார். "எனக்கு ஆறுங்க. அதான் அதுக்கும் ஆறு. இதுல அழிக்க என்னங்க இருக்கு?"

திரை மறுபடி ஓடத் தொடங்கியது, இந்தத் தடவை என்னால் படிக்க முடியாத வேகத்தில். கைதட்டல் பொம்மைகள், நெருப்புப் பொம்மைகள். "அக்கா, உங்க படம் போட்டியில இருக்கு," என்று ஜாஹித் சொன்னார். யாரோ ஒருவர் அதற்குள் தன் டிராகனின் காலில் ஆறாவது விரலைச் சேர்த்து அனுப்பியிருந்தார். இன்னொருவரும் அனுப்பினார். பரிசு முடிவு அடுத்த மாதம். அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன். கொக்குகள் பறந்தன.

"சரி சரி, எறங்கு. தண்ணி வைக்கணும், நேரமாச்சு," என்று அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தச் சலவை வேட்டியோடேயே, மடையை நோக்கி ஈர வரப்பில் நடந்தார். அம்மா இன்னும் கைப்பேசியைக் கீழே இறக்கவில்லை. நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மண்வெட்டி தோளிலேயே இருந்தது. அவர் மடையைத் திறந்தார். வாய்க்கால் தண்ணீர் வரப்போரம் வழிந்து வந்து, அவர் விட்டுப்போன தடங்களில் ஒவ்வொன்றாக ஏறியது. முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியில் ஆறு சின்னக் குழிகளிலும் வானம் தெரிந்தது.