நெஞ்சில் இழுத்த பாவு

மருத்துவர் பிரேம்நாத் சட்டையைக் கழற்றி ஈசிஜி மேசையில் படுத்தபோது, தேவகி அவர் மார்பில் களிம்பு தடவினாள். இப்படியொரு நாளுக்காகவே, கணவன் இறந்த பின் இந்த வேலையைக் கற்று, இவர் வேலை பார்க்கும் பெரிய காஞ்சிபுரத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள்.

கணவன் பரசுராமன் பட்டு நெசவாளி. அன்றொரு நாள் நெஞ்சைப் பிடித்தபடி இவர் முன் அமர்ந்து, "பாவு இழுக்குதுங்க" என்றான். வெளியூர்க்காரரான பிரேம்நாத்தின் காதில் அது வேறாக விழுந்தது.

"பாவமா? அப்ப ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போப்பா, இங்க ஏன் வந்தே?"

அறையே சிரித்தது. வாயு மாத்திரையோடு வீடு திரும்பியவன் தறியின் மீதே சரிந்து இறந்தான்.

"கேஸ் டிரபிள்தான்மா. சும்மா எடு" என்றார் பிரேம்நாத் இப்போது. நெற்றியெங்கும் வியர்வை.

இயந்திரம் தள்ளிய தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது: மாரடைப்பு. உடனே அவசர மணியை அழுத்தினாள். அவர் சாகக் கூடாது. செத்துவிட்டால், அவள் சேர்த்து வைத்திருந்த சொற்களைக் கேட்க ஆளிருக்காது. பணி மருத்துவர் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை அவர் அவளுக்குரியவர்.

"நோவு எப்படி இருக்குது சார்?"

"இறுக்குது... ரெண்டு பக்கமும் யாரோ... சொல்லத் தெரியலம்மா."

"பாவு இழுக்குதா?"

"பாவமா?"

அதே பிழை. தேவகி அவர் காதருகே குனிந்தாள்.

"பாவு சார். தறியில நீளவாட்டுல இழுத்துக் கட்டுற நூலு. நெஞ்சு அப்டி இழுக்குதுன்னுதான் என் வீட்டுக்காரரு சொன்னாரு. நீங்க சிரிச்சிக்கினே கோயிலுக்குப் போவச் சொன்னீங்க."

"ஞாபகம் இல்லையேம்மா..."

"எனக்கு இருக்குது சார். அன்னிக்கே செத்துட்டாரு."

அவர் முகம் வெளிறியது. வலியாலா, அச்சத்தாலா என்று அவள் ஆராயவில்லை. இரண்டும் அவருக்குச் சேர வேண்டியவையே.

பணி மருத்துவர் ஜெயக்குமார் தள்ளுபடுக்கையுடன் ஓடிவந்தார். தூக்கிக் கிடத்தும்போது பிரேம்நாத் தேவகியின் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"நீயும் கூட வாம்மா. பயமா இருக்கு."

பயப்படாதீங்க என்று சொல்ல அவளுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. அவளோ அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"அடுத்த பேஷண்ட் காத்துக்கினு இருக்காங்க சார்" என்று கதவை அகலத் திறந்துவிட்டாள்.