வீட்டுக்கு மேலே உள்ள காற்று

எங்கள் கிரேக்கத் தீவில் வீட்டை விற்றாலும் அதற்கு மேலே உள்ள காற்றைச் சேர்த்து விற்க மாட்டார்கள். காற்று என்று நாங்கள் சொல்வது மொட்டை மாடிக்கு மேல் கட்டிக்கொள்ளும் உரிமையை. அப்பன் வீட்டை ஒரு பிள்ளைக்கும் காற்றை இன்னொரு பிள்ளைக்கும் எழுதி வைப்பான். காற்றுக்காரன் கப்பலேறிப் போய்விடுவான். வீட்டுக்காரன் மாடியில் தக்காளி காய வைப்பான். இருபத்திரண்டு வருடமாக இங்கே வக்கீலாகக் குப்பை கொட்டுகிறேன், காற்றுக்காக என்னிடம் வந்த வழக்கு மொத்தமே மூன்று. அந்தத் தெம்பில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வில்மா போன் செய்தாள்.

"கலிரோயி, எங்க மாடியில ஒரு பொண்ணு டேப் வச்சு அளந்துக்கிட்டிருக்கா. கூட ஒரு இன்ஜினியர் வேற. யாரும்மா நீன்னா, 'இது என் இடம்'ங்கறா. பைத்தியமா அவ?"

காற்றுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வில்மாவும் அவள் கணவர் யோஸ்டும் ஹாலந்துக்காரர்கள். மூன்று வருடம் முன்னால் அந்த வீட்டை வாங்கினார்கள். விற்றவர் ஸ்தமாதிஸ், என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா முறை. வாங்குகிறவர்களின் வக்கீலாக நான் இருந்தேன். சின்ன ஊர், சொந்தக்காரர் வேண்டாமென்றால் இங்கே வக்கீலே கிடைக்காது.

யோஸ்டுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. கீழ்வாசலுக்கு அறுபத்தொரு படி. ஆனால் மொட்டை மாடி மேல்தெருவுக்குச் சரிமட்டம். அதற்காகவே வாங்கினார்கள். சமையலறையிலிருந்து மாடிக்கு ஒரு சின்ன லிஃப்ட் வைத்தார்கள், இருந்த சேமிப்பு அதில் கரைந்தது. தினமும் காலை பத்து மணிக்கு வில்மா அவரை மாடி வழியாகத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவாள். மீன்காரர்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள், பகடையில் தோற்கடிப்பார்கள். அவர் பேசுவது பாதி யாருக்கும் புரியாது, ஆனாலும் கத்திக் கத்திச் சிரிப்பார். அந்த மாடி அடைபட்டால் மனிதர் வீட்டுக்குள் சிறைதான்.

பத்திரத்தன்று நோட்டரி கிரேக்க மொழியில் கடகடவென்று வாசித்தார், அவருக்கு வேறு மொழி தெரியாது. ஒவ்வொரு வரியையும் வில்மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. 'மேலே கட்டும் உரிமை நீங்கலாக. அது விற்பவரின் அண்ணன் பந்தெலிசுக்குச் சொந்தம்' என்று ஒரு வரி வந்தது. முந்தின நாளே மாமா என் காதைக் கடித்திருந்தார். "அண்ணனுக்கு எம்பத்தோரு வயசும்மா. ஆஸ்திரேலியாவ விட்டு இனிமேலா வரப்போறான்? சும்மா கெளப்பி விட்றாத." ஆறு வருடம் விலைபோகாமல் கிடந்த வீடு. விளக்கினால் வில்மா மிரளுவாள், மாமா என் முகத்தில் விழிக்க மாட்டார், நோட்டரி ஆபீஸை மூடும் நேரம் வேறு. 'இது வழக்கமான நிபந்தனை' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வில்மா என்னை நம்பித் தலையாட்டினாள்.

போனை வைத்ததும் ஓடினேன். மாடியில் நின்றவள் பந்தெலிஸின் மகள் ஸெவாஸ்தி. போன வருடம் அவர் மெல்போர்னில் இறந்துவிட்டார், காற்று இவளுக்கு வந்துவிட்டது. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை கட்டப் போகிறாள், அனுமதியும் கையில் இருந்தது.

"அக்கா, எங்கப்பா ஓட்டல் சமையக்கட்டுல முப்பத்தெட்டு வருஷம் வெந்தாரு. ஊர்ல நமக்குக் காத்து இருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"அந்த மனுஷன் வெளிய போக இது ஒண்ணுதாம்மா வழி. ஒரு மீட்டராவது விடு."

"ஒரு மீட்டர் விட்டா ரூமுக்குள்ள கட்டில் போட முடியாது. நான் என்ன அவங்க வீட்டையா கேக்குறேன்? இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி அவங்க வக்கீல் சொல்லலையா?"

அந்த வக்கீல் நான்தான் என்று தெரிந்து அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் செருப்பால் அடித்தது போல இருந்தது.

மாமா காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். "நான் எதையும் மறைக்கலையே, பத்திரத்துலயே இருக்குல்ல?" என்றார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை. கோர்ட்டில் தடை கேட்கவும் வழியில்லை, சட்டம் ஸெவாஸ்தி பக்கம். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், 'எனக்குப் புரியும் மொழியில் முழுவதும் சொல்லப்பட்டது' என்ற வாசகத்துக்குக் கீழே வில்மாவின் கையெழுத்து இருக்கிறது. நான் சொன்னேன் என்று சாதித்தால் என்னை யாரும் அசைக்க முடியாது. சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டால், என் தொழில் போகும், அவர்கள் என் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கலாம். ராத்திரி தூக்கமில்லை.

புதன்கிழமை காலை வில்மாவின் சமையலறைக்குப் போனேன். மேஜைமேல் பத்திரத்தை விரித்து வைத்திருந்தாள். லிஃப்ட் பக்கத்தில் யோஸ்ட் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"நீ அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லித்தான் இருப்ப, கலிரோயி. இவருக்கு மருந்து நேரமாச்சேன்னு எனக்கு அந்த நெனப்பு. பாதி காதுலயே ஏறல. என் தப்புதான், இல்ல?"

நான் தப்பிப்பதற்கு அவளே வழி காட்டினாள். வெறும் 'ஆமாம்' போதும்.

"இல்ல வில்மா. நான் சொல்லல. தெரிஞ்சும் சொல்லல."

நான் மறைத்ததை ஒப்புக்கொண்டு எழுதி முத்திரையிட்டுக் கொண்டுவந்த கடிதத்தை நீட்டினேன். "இத வச்சு என் மேல கேஸ் போடுங்க. கண்டிப்பா ஜெயிப்பீங்க."

அவள் கடிதத்தை வாங்கி, படிக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"எத்தன வருஷம் ஆகும்?"

"அப்பீல் எல்லாம் சேத்து ஏழு, எட்டு."

யோஸ்டைப் பார்த்தாள். அவருக்கு எழுபத்தொன்பது.

"மேல எப்ப ஆரம்பிக்கிறாங்க?"

"திங்கக்கிழமை."

அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதத்தைப் பத்திரத்துக்கு அடியில் செருகினாள். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து யோஸ்டின் தலையில் வைத்து, நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினாள். உதவி செய்யலாம் என்று நானும் கை வைத்தேன்.

"விடு," என்றாள். "இன்னும் அஞ்சு நாள் இருக்கு. எங்களுக்குப் போகத் தெரியும். நீ கீழ்வாசல் வழியா போ."