பானெட்டின் பின்விளிம்பில் ஆறு சிவப்பு நூல்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடிலெய்டுக்கு வெளியே மலைப்பக்கம் எங்கள் கார் கிளப்பில், குன்றின் மேல் ஏறும் பந்தயத்துக்கு ஒன்பது வருடமாக நேரம் குறிப்பவன் நான். டாரிலும் அவன் மனைவி நரெலும் ஒரே காரில் தனித்தனியாகப் போட்டியிடுகிறவர்கள். கிளப்பில் இது சகஜம். பெயர் இரண்டு, கார் ஒன்று. டாரில் முதலில் ஏறுவான். இறங்கி வந்து சீட்டை முன்னால் தள்ளிவிட்டு எழுந்துகொள்வான். எட்டு நிமிடத்தில் நரெல் ஏறுவாள்.

மூன்று வருடமாக நரெல் இரண்டு விநாடி பின்தங்குகிறாள். அந்த இரண்டு விநாடியை மூன்று வருடமாக என் கையால் எழுதுகிறேன். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாளிலிருந்து எரிச்சல்தான்.

2

முதல் தொடக்கம்: "பிப்ரவரி வெயில் நாற்பத்தொன்றைத் தொட்ட அன்று, டாரிலின் காருக்குள்—"

வெயிலில் ஆரம்பிக்காத ஆஸ்திரேலியக் கதை ஒன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "டர்போ என்பது, எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்கே திருப்பி ஊட்டும் ஒரு—"

இது கதையா, பாடப்புத்தகமா? ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போகவும் முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டர்போ பழுக்கக் காய்கிற சாமான். அதன் சூட்டில் பானெட்டுக்கு அடியில் எல்லாமே வேகும். எஞ்சின் சூடான காற்றை இழுத்தால், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பயந்துபோய் பலத்தைக் குறைத்துவிடும். முதலில் ஏறுகிறவனுக்கு ஆறிய வண்டி, இரண்டாவதாக ஏறுகிறவளுக்கு வெந்த வண்டி. இந்த ஒரு வரிக்காக நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

3

டாரிலுக்கும் சூடு தெரியாமல் இல்லை. பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் விரல் தடிமனுக்கு வாஷர்களை அடுக்கி, காரின் முன்கண்ணாடியை ஒட்டி ஓர் இடுக்கு விட்டிருந்தான்.

"கையை வெச்சுப் பாரு. அனல் எப்படி வெளிய போகுது!"

நரெல் சூப்பர்மார்க்கெட்டுகளில் குளிர் அறை பழுது பார்ப்பவள். அவள் கையை வைக்கவில்லை.

"நிக்கிறப்ப போகும். ஓடுறப்ப கண்ணாடில மோதுற காத்து அந்த இடுக்கு வழியா உள்ளதான் பூரும். அப்புறம் ரேடியேட்டர் வழியா வர்ற காத்து எங்க போகும்?"

"ஐஸ்பெட்டி ரிப்பேர் பண்றவ எனக்கு டர்போ சொல்லித் தர்றா, கேட்டுக்கப்பா" என்று என் பக்கம் திரும்பினான் டாரில்.

"சூட்டை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குத் தள்றதுதான் என் பொழைப்பே, டாரில்."

(* இதைப் படித்துக் காட்டியதும் டாரில் போனில் கத்தினான்: "என்னை முட்டாளாக்கிட்டியேடா! கிளப்ல பாதிப் பேரு வாஷர் வெச்சிருக்கான். அதையும் எழுது!" எழுதிவிட்டேன், டாரில். பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். என் எரிச்சல் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான்.)

4

பந்தயத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பின்சீட்டில் நான். நரெல் பானெட்டின் பின்விளிம்பு நெடுக ஆறு சிவப்புக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டியிருந்தாள்.

சிக்னலில் நின்றபோது ஆறும் மேல்நோக்கி ஆடின. "பாத்தியா?" என்றான் டாரில்.

நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டான். ஆறு நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடுக்குக்குள் போய் மறைந்தன.

"நூல் சரியில்ல" என்றான்.

"உன் ஸ்வெட்டர்ல இருந்து பிரிச்சதுதான்."

அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரம் கட்டினான். மூன்று ஐஸ் காபி வாங்கி வந்தான். தன்னுடையதைப் பிரிக்காமல் ஸ்பேனரை எடுத்து, வாஷர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பானெட்டைப் பழையபடி இறக்கி முறுக்கினான். காது சிவந்திருந்தது.

"நாளைக்கு நீ முதல்ல போ. வெந்த வண்டி எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

இந்த இடத்தில் என் வரைவில் "நரெலின் முகம் மலர்ந்தது, அவள்—" என்று இருந்தது. பொய். அவள் முகம் வெளுத்துப்போனது.

"வேணாம் டாரில். பழகின வரிசையே இருக்கட்டும்."

5

இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போனது. சூட்டைப் பற்றிக் கரைத்துக் குடித்தவள், டாரில் இறங்கிவந்த வண்டியை ஆற்ற மூன்று வருடமாக ஐஸ் மூட்டை தூக்கியவள், ஒரு தடவைகூட "நான் முதலில் போகிறேன்" என்று கேட்கவில்லையா? வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் "யாரய்யா இதை நம்புவது" என்று தூக்கிப் போட்டிருப்பேன். எனக்கோ இவள் நிஜம். நிஜத்தை என்ன செய்வது?

ஞாயிறு காலை அவளிடமே போய்க் கேட்டேன். கையில் ரொட்டிக்குள் மடித்த சாசேஜ். கடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் மூணு வருஷமா கேக்கல?"

"தோத்தா வண்டி சூடுன்னு சொல்லிக்கலாம்ல" என்றாள். "ஆறின வண்டில போயும் தோத்தா எதைச் சொல்றது? நீதான எழுதறவன், சொல்லேன்."

அவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

6

முடிவுகள்.

ஒன்று: அவள் ஒரு விநாடி முந்துகிறாள், டாரில் கண்ணீரோடு ஓடிவந்து— சினிமா. வேண்டாம்.

இரண்டு: ஆறிய வண்டியிலும் அதே இரண்டு விநாடி. எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வேணாம் என்ற நரெல்தான் முதலில் போனாள். நூல்களைப் பிய்க்கவில்லை. டாரில் தொப்பியில்லாமல் வேலியோரம் நின்றான்; கைக்குள் வாஷர்கள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் மேலே போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதினேன். எட்டு நிமிடம் கழித்து டாரிலின் நேரத்தையும் எழுதினேன்.

(* டாரில்: "ரெண்டையும் போட்டுடு. எனக்கொண்ணும் இல்ல." நம்ப வேண்டாம்.)

நரெலோ முழுக்கப் படித்துவிட்டு, "நேரத்தைப் போடாத" என்றாள். "போட்டா அதை மட்டும்தான் படிப்பாங்க."

"அப்ப கதைக்கு முடிவு?"

"பச்சை எரிஞ்சப்ப சொல்லிக்க எங்கிட்ட ஒரு சாக்கும் இல்ல. இருந்தும் போனேன்ல? அதை எழுது."

எழுதிவிட்டேன். தாளில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கட்டம், அவன் பெயருக்கு எதிரே ஒரு கட்டம், இரண்டையும் காலியாக விட்டிருக்கிறேன். பென்சில் உங்களிடம். அவளுடைய கட்டத்தை நிரப்பும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வண்டி ஆறியிருந்தது.