மச்சான் கட்டிங்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த முடிவெட்டும் கடையில் கூட்டித் தள்ளுகிற குப்பையை நிறுத்துப் பார்த்தால் முடி கால் பங்கு, பேச்சு முக்கால் பங்கு இருக்கும். ஒருமுறை மாஸ்டர் ஒருத்தருக்குக் கன்னத்தில் நுரை பூசிவிட்டுப் பேச்சு சுவாரஸ்யத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டே நின்றாராம். நுரை காய்ந்தது. மறுபடி பூசினார். அதுவும் காய்ந்தது. மழித்து முடித்தபோது முதலில் மழித்த கன்னத்தில் மறுநாள் தாடி முளைத்திருந்ததாகச் சொல்வார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. மறுநாள் தாடி இல்லை, அன்றைய சாயங்காலத் தாடிதான்.

முடி வெட்ட வருகிறவர்களைவிட, உட்கார்ந்திருக்க வருகிறவர்களுக்குத்தான் அங்கே இடம் பற்றாது. பூட்டு ரிப்பேர் செய்கிற பூட்டுக்காரருக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அவர்தான் வாரம் தவறாமல் முதல் ஆளாக வந்து பெஞ்சில் ஓரம் பிடிப்பார்.

அந்தப் பெஞ்சுக்கு ராஜா, தையல்காரர். அவரிடம் கொடுத்த துணி சொன்ன நாளில் வராது. கதை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். கதைக்கு அவர் வைத்திருந்த ஒரே முதல், அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், வெளியூர். கடையில் யாரும் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. அதுதான் வசதி.

தையல்காரர் சொன்ன கணக்குப்படி அந்த மச்சானைப் போல ஒரு கஞ்சன் பூமியில் பிறந்ததில்லை. பேப்பரை யாருக்கும் படிக்கக் கொடுக்கமாட்டார், நாலு பேர் கண் பட்டால் எழுத்து தேய்ந்துவிடுமாம். திங்கட்கிழமை யாராவது ஜோக் சொன்னால் சிரிக்காமல் சேர்த்து வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சிரிப்பாகச் சிரித்து முடித்துவிடுவாராம். எல்லாவற்றுக்கும் சிகரம் அரைத்தலைக் கதை. ஒரு மாசம் இடது பாதி, அடுத்த மாசம் வலது பாதி என்றுதான் மச்சான் முடி வெட்டிக்கொள்வார், பாதிக் கூலி மிச்சம். கடை இருக்கிற தெருவில் வெள்ளையடிப்பு பாதியில் நின்றாலும் சரி, பள்ளம் தோண்டி மூடாமல் போனாலும் சரி, 'மச்சான் கட்டிங்' என்றுதான் பெயர்.

அரைத்தலை மட்டும் பொய் இல்லை. தையல்காரருக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் போட்ட அன்றைக்கு, மச்சான் தன் ஊரில் முடிவெட்டும் நாற்காலியில் இருந்தார். இடது பக்கம் முடிந்திருந்தது. போர்வைக்குள்ளே போன் அடித்தது. எழுந்தவர் நேராக பஸ் ஏறிவிட்டார். தையல்காரர் வீட்டுக்கு வரும்வரை அவருடைய கட்டிலை விட்டு மச்சான் நகரவில்லை. நர்சுகள் அவரைத்தான் தலை ஆபரேஷன் கேஸ் என்று நினைத்து ரெண்டு தடவை படுக்கச் சொன்னார்கள். கண் விழித்த தையல்காரர் அந்தப் பாதித் தலையைப் பார்த்துச் சிரித்து, தையல் பிரிந்துவிடும் என்று டாக்டரிடம் திட்டு வாங்கினார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு கடைக்குக் கொண்டுவந்தார். கொண்டுவரும்போது ஆஸ்பத்திரியை வழியில் எங்கேயோ போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் உள்ளே நுழையும்போது நாற்காலியைச் சாய்த்துப் போட்டு ஒரு வெளியூர்க்காரர் படுத்திருந்தார். முகத்தின் மேல் வெந்நீர்த் துண்டு. மூக்கு மட்டும் தெரிந்தது.

"வாய்யா, வா!" என்றார் பூட்டுக்காரர். "சாருக்கு மச்சான் கட்டிங் வேணுமான்னு மாஸ்டர் கேட்டுட்டாரு. அப்படின்னா என்னன்னு கேக்குறாரு. சொந்தக்காரன் நீயே வந்து சொல்லட்டும்னு காக்க வெச்சிருக்கோம்."

"துண்டு ஆறுறதுக்குள்ள சொல்லு" என்றார் மாஸ்டர்.

கேட்கவா வேண்டும்? தையல்காரர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பேப்பர் கதை முடிந்தது, ஜோக் கதை முடிந்தது. பெஞ்சு குலுங்கியது. "இடது பாதி முடிஞ்சதும் எங்க மச்சான் கண்ணாடியில பார்த்து..." என்று கையை வீசியபோதுதான், போர்வைக்கு வெளியே தொங்கிய சட்டைக் கை கண்ணில் பட்டது.

நீலச் சட்டை. மணிக்கட்டுப் பட்டியில் பொத்தான் மாட்டுகிற காஜா மட்டும் பச்சை நூலில். நூல் தீர்ந்து, "உள்ளே மறையறதுதானே" என்று பச்சையில் போட்டுக் கொடுத்தவர் அவரேதான். உலகத்தில் அப்படி ஒரு சட்டைதான் உண்டு. அதை வாங்கிக்கொண்டவர், "மாப்பிள்ளை கையால தச்சது, பச்சையா இருந்தா என்ன?" என்று சொன்னவர்.

தையல்காரருக்குக் காது மடல் ரெண்டும் பற்றி எரிந்தன.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம், வயிற்று வலி என்று எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்களே, கேட்டால் சொல்ல வேண்டுமே. புலி வாலைப் பிடித்த கதை. வாய் தன்பாட்டுக்குப் போயிற்று. "...மாஸ்டர், மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்ப பாதிக் கூலி வாங்கிக்கோன்னாரு" என்று தன் குரல் சொல்வதை, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது போல அவர் கேட்டார். ஆள் இருப்பது தெரியாமல் சொன்னது பழைய பாவம். தெரிந்தபின் சொன்ன அந்த ஒரு வரி புதுசு.

மாஸ்டர் துண்டை எடுத்தார். நுரை போட்டார். தொண்டையில் கத்தி வைத்தவனிடம் யாரும் பேசமாட்டார்கள், கத்திக்குக் கீழே இருப்பவனும் பேசமாட்டான். ஷேவிங் முடிகிறவரை மச்சான் கண்ணாடியில் தையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தையல்காரர் பிழைத்திருப்பார். கோபம் இல்லை.

படிகாரம் தேய்த்து முடிந்ததும் பூட்டுக்காரர் கேட்டார்: "எப்படி சார் நம்ம ஆளு மச்சான்?"

"நல்ல ஆளாத்தான் தெரியுது."

"நேர்ல பார்க்க எங்களுக்குத்தான் கொடுப்பினை இல்ல. பஸ்ஸுக்குக் காசு குடுத்து இங்க வருவாரா அவரு?"

"அப்படிப்பட்டவர் எங்க வரப்போறார்?" என்று சொல்லிவிட்டு மச்சான் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

அடுத்த முறை தையல்காரருடையது. ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் போர்வையைப் போர்த்தி, இடது பக்கம் கத்தரி போட ஆரம்பித்தார். மச்சான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். மச்சான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினார்.

தங்கச்சியைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்!

"ஆடாதய்யா, காது போயிடும்" என்றார் மாஸ்டர். காது போனால் போகட்டும் என்று தையல்காரர் எழுந்தார். போர்வை பறக்க வெளியே ஓடினார். தெருநாய் ஒன்று குரைக்க வாய் திறந்து, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று புரியாமல் மூடிக்கொண்டது.

"மச்சான்! மச்சான்!"

மச்சான் நின்றார். கடை மொத்தமும் வாசலில் வந்து நின்றது.

"பஸ்ஸுக்கா போறீங்க?"

"பையை ஸ்டாண்டுல ஒரு கடையில வெச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் பிரயாணம். காட்டு மனுஷனாட்டம் தங்கச்சி முன்னால போய் நிக்கக் கூடாதேன்னு ஷேவிங்குக்கு வந்தேன்."

அது நிஜமா, அந்த நேரத்தில் போட்ட ஒட்டுத் தையலா என்று தையல்காரருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் முகம் இல்லை. கடைப் பக்கம் திரும்பினார்.

"இவருதான்யா என் மச்சான். கஞ்சன் இல்ல. எனக்கு ஆபரேஷன்னு கேட்டுப் பாதியில எந்திரிச்சு ஓடி வந்தாரு. அதான் அரைத்தலை. மத்ததெல்லாம் நான் கட்டிவிட்டது."

வாசலில் நின்றவர்கள் மச்சானின் முழுத்தலையை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இது எடுபடலையேப்பா" என்றார் பூட்டுக்காரர். "பழைய கதைதான் நல்லா இருந்துச்சு. பாவம், வெளியூர்க்காரரை எதுக்கு இழுக்கறே?"

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "பாதியில எந்திரிச்சுட்டீங்க. உள்ள போய் முடிச்சுட்டு வாங்க, நிக்கறேன்."

தையல்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போர்வையைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு மச்சான் பக்கத்தில் நடந்தார்.

பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது எதிரில் வந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் மறுபக்கம் சுற்றி வந்து, வெட்டிய பக்கத்தை மறைத்தாற்போல நடந்தார். பையைக்கூட அந்தப் பக்கத் தோளுக்கு உயர்த்திக்கொண்டார். மறைக்காமல் இருந்திருக்கலாம் என்று தையல்காரருக்கு இருந்தது.

கதவைத் திறந்த மனைவி புருஷனின் தலையைப் பார்த்தாள். பக்கத்தில் அண்ணனைப் பார்த்தாள். அவளுக்குக் கடைக்கதை எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த அரைத்தலை ஒன்றே ஒன்றுதான். முகம் வெளுத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு? எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.